கோபம் வந்தால் தலைமயிர் என்ன நிறம்?

நமக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்கும், கண் சிவக்கும். சில வீடுகளில் சமையலறைப் பாத்திரங்கள் சப்திக்கும். தலைமயிர் நிறம் மாறுமோ? மாறாது. நரைக்க வேண்டுமானால் நரைக்கும். அதற்கும் பல வருஷத்துக் கோபம் சேர வேண்டும். ஆனால் ஜப்பான் தேசத்துச் சித்திரக் கதாநாயகன் ஒருவனுக்கு 1991-ம் வருஷம் ஒரு கோபம் வந்தது பாருங்கள்! கன்னங்கரேலென்றிருந்த அவனுடைய தலைமயிர் ஒரு கணத்தில் பொன்னாகிக் குத்திட்டு நின்றுவிட்டது. அது எந்தப் பொன், பசும்பொன்னா, வெளுத்த வைக்கோலா, போன வாரம் இருந்த பொன் இந்த வாரமும் இருந்ததா என்று முப்பது வருஷத்துக்கு மேலாக உலகமெங்கும் ஜனங்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

சிரிப்பாயிருக்கிறதா? சற்றுப் பொறுங்கள். வாதாடுகிறவர்கள் எல்லாரும் குழந்தைகள் அல்ல. உத்தியோகம் பார்க்கிறவர்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள், தலை நரைக்க ஆரம்பித்தவர்கள் எல்லாம் இதில் உண்டு. 2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் இந்தக் கதையின் ஒரு பகுதி முடிந்தபோது, மெக்ஸிகோ தேசத்து ஊர்களில் பொதுச் சதுக்கத்தில் திரை கட்டி, ஆயிரக் கணக்கில் கூடி நின்று பார்த்தார்கள். அத்தனை பேர் மனத்தைத் தொட்ட ஒரு விஷயத்தில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். நானும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று இறங்கினேன். இறங்கினேன் என்ன, என் அக்கா வீட்டுக்குப் போனாலே போதும். அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே வழக்குதான்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். அகிரா டோரியாமா என்பவர் 1984-ம் வருஷக் கடைசியில் ‘ஷோனென் ஜம்ப்’ என்ற வாரப் பத்திரிகையில் ‘டிராகன் பால்’ என்ற சித்திரத் தொடர்கதையை ஆரம்பித்தார். 1995 வரையில் வாரா வாரம் வந்தது. அத்தியாயம் 519! கதாநாயகன் பெயர் கோக்கு. வாலுள்ள பையன்; அசகாய சூரன்; சாப்பாட்டு ராமன். டோயி என்ற படக் கம்பெனியார் 1986-ல் அதைப் பேசும் படமாக்கி டெலிவிஷனில் விட்டார்கள். கோக்கு வளர்ந்து பெரியவனான பிறகு நடக்கும் கதை ‘டிராகன் பால் இஸட்’ என்ற பெயரில் 1989-லிருந்து 1996 வரையில் 291 பாகங்களாக ஓடிற்று.

அதில் நாமேக் என்ற வேற்றுக் கிரகத்தில் ஒரு யுத்தம். ஃபிரீஸா என்ற கொடியவன், கோக்குவின் பால்ய சிநேகிதன் கிரிலினை அந்தரத்தில் தூக்கி வெடித்துச் சிதற அடித்துவிடுகிறான். கோக்கு அதைக் கண்ணால் பார்க்கிறான். அப்போதுதான் அந்த மாற்றம் நிகழ்கிறது. தலைமயிர் பொன், விழிகள் பச்சை, உடம்பைச் சுற்றித் தீயைப் போல் ஓர் ஒளி. ‘சூப்பர் சையன்’ என்று அந்த நிலைக்குப் பெயர். ஆயிரம் வருஷத்துக்கு ஒருவனுக்கே கிட்டும் என்று கதையில் அதுவரை சொல்லிக்கொண்டு வந்தது அதுதான்.

இனித்தான் வேடிக்கை. அந்தத் தலைமயிர் ஏன் நிறம் மாறிற்று தெரியுமோ? மகா தத்துவம் ஒன்றும் இல்லை. மை மிச்சம்! பத்திரிகையில் வந்த மூலக் கதை கறுப்பு வெள்ளைச் சித்திரம். கோக்குவின் தலை கறுப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தலையை மை தீட்டி நிரப்புவதற்கு டோரியாமாவின் உதவியாளருக்குப் பொழுது போதவில்லை. வாரத்துக்குப் பதினைந்து பக்கம். பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம். கட்டத்துக்கு ஒரு கோக்குவாவது இருப்பான். தலைமயிரை வெள்ளையாக விட்டுவிட்டால்? கோடு போட்டால் போதும், நிரப்ப வேண்டாம்! டோரியாமாவே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த முறைப்பு மட்டும் புரூஸ் லீயின் பார்வையை மனத்தில் வைத்து வரைந்தாராம். வாரப் பத்திரிகையில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் இந்தச் செய்தியைப் படித்தவுடன் எனக்கு அந்த உதவியாளரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அச்சுக்குப் போகும் கெடு எத்தனை பெரிய காரியங்களுக்குத் தாய் தந்தையாக இருக்கிறது, பாருங்கள்!

ஆக, மூலத்தில் வெறும் வெள்ளைக் காகிதம். டெலிவிஷனில் அது பொன்னாயிற்று. ரசிகர் உள்ளத்தில் பொன் என்றால் ‘சிநேகிதனைப் பறிகொடுத்தவனின் துக்கம்’ என்று அர்த்தம் ஏறிவிட்டது. ஏறிய அர்த்தத்தை இறக்க முடியுமா?

அதற்கப்புறம் படிகள் பல வந்தன. கோக்குவின் மகன் கோஹான் இரண்டாம் படி ஏறினான். மயிர் இன்னும் விறைத்து, உடம்பைச் சுற்றி மின்னல் பொறி பறந்தது. மூன்றாம் படியில் கோக்குவுக்கு இடுப்பு வரையில் முடி வளர்ந்து புருவம் காணாமற் போயிற்று. 2013-ல் வந்த படத்தில் முடி சிவப்பு, தேகம் மெலிவு. அது தெய்வ நிலையாம். 2015-ல் நீலம். ‘முன்பு முகமே மாறும், உடம்பே மாறும், இப்போது அதே தலையை எடுத்துச் சாயப் பாத்திரத்தில் தோய்த்துவிட்டார்களே!’ என்று நீலத்தைப் பார்த்து அங்கலாய்த்தவர்கள் ஏராளம். அவர்கள் கட்சியில் எனக்கும் கொஞ்சம் அநுதாபம் உண்டு.

அக்கா வீட்டுக்கு வருகிறேன். பையனுக்கு வயது பதின்மூன்று. அவன் அக்காளுக்குப் பதினாறு. பையன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். கணக்கு நோட்டு என்று அவன் தாயார் நம்பிக்கொண்டிருந்தாள். உள்ளே பார்த்தால், எந்த எபிஸோடில் எந்த நிமிஷத்தில் பொன் வெளிறிற்று, எங்கே மின்னல் பொறி விட்டுப்போயிற்று, எங்கே மார்பு அகலமாயிற்று, எங்கே மூக்கு கோணிற்று என்று பட்டியல்! அத்தனை கவனம் சரித்திரப் பாடத்தில் இருந்தால் என்று அக்கா பெருமூச்சு விட்டாள்.

“சித்தி, நீயே நியாயம் சொல்லு. ஒரே ஆள், ஒரே சண்டை. ஒரு வாரம் அழகா இருக்கான். அடுத்த வாரம் பூசணிக்காய் மாதிரி இருக்கான். இது ஏமாத்து இல்லையா?” என்றான்.

பூசணிக்காய்க்குக் காரணம் இருக்கிறது. இருபத்து சொச்சம் நிமிஷத்துப் படத்துக்குச் சித்திரங்கள் சில ஆயிரம் வேண்டும். முக்கியமான நிலைகளை ஒருவர் வரைவார். நடுவில் வரும் அசைவுகளை வேறொருவர் வரைவார். டோயி கம்பெனிக்குப் பிலிப்பைன்ஸிலும் ஒரு கிளை உண்டு. எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து, மூக்கையும் முழியையும் திருத்தி, இது கோக்குதான் என்று சொல்லும்படி ஆக்குவது அந்த வாரத்து ஓவிய மேற்பார்வையாளரின் பொறுப்பு. ஒருவரே வாரா வாரம் செய்து மாளாது. ஆகவே முறை போட்டுக்கொண்டு பலர் செய்வார்கள். பழகிய ரசிகர்கள் பெயர்ப் பட்டியலைப் பார்க்காமலேயே, ‘இந்த வாரம் டடயோஷி யமாமுரோ, இது கட்சுயோஷி நாகட்சுரு’ என்று சொல்லிவிடுகிறார்கள். முறுக்கைக் கடித்தவுடன் இது பெரியம்மா கை, இது அத்தை கை என்று நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

வர்ணமும் அப்படித்தான். அந்நாளில் செல்லுலாயிட் தாளின் பின்புறம் கையால் வர்ணம் தீட்டி, ஒவ்வொன்றாகக் காமிராவில் பிடித்தார்கள். வர்ணத்துக்கு நம்பர் உண்டு. ஆனால் படச்சுருள் வயதாக ஆக நிறம் மங்குகிறது. 2009-ல் பழைய சுருளைச் சுத்தப்படுத்தி ‘காய்’ என்று வெளியிட்டபோது, ‘இதுதான் அசல் மஞ்சள்’ என்று ஒரு கட்சி, ‘அசலைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று ஒரு கட்சி. நம் வீட்டுக் கல்யாணப் போட்டோவில் புடைவை அரக்கா, மாம்பழச் சிவப்பா என்று சண்டை வந்தால் பெட்டியைத் திறந்து புடைவையை எடுத்துக் காட்டலாம். கோக்குவின் தலையை எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது?

கை மாறினால் முகம் மாறும் என்பதற்கு இந்தப் புதிய காலத்திலும் சாட்சி உண்டு. 2015-ம் வருஷம் ‘டிராகன் பால் சூப்பர்’ ஆரம்பமாகி ஐந்தாவது வாரம். கோக்கு, பீரஸ் என்ற அழிவுத் தெய்வத்தோடு மோதும் முக்கியமான கட்டம். சித்திரங்களோ அலங்கோலம். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பின்னால் தட்டில் பதித்து விற்றபோது படங்களைத் திருத்தி வெளியிட்டார்கள். தப்பு என்று தெரியாமல் யாரும் திருத்த மாட்டார்கள் அல்லவா? அவகாசம் இல்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் பையனுக்கு விளக்கிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்தேன். “அந்தத் தலையைப் பத்துத் தடவை போடு. பத்தும் ஒரே மாதிரி இருக்கணும்” என்றேன். உட்கார்ந்து போட்டான். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போட்டான். முதல் மூன்றும் அண்ணன் தம்பி போலிருந்தன. ஏழாவது, வேறு ஜாதிப் பறவை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கலையே!” என்றான்.

சுருக்கென்றுதான் இருந்தது. அந்தச் சம்பளம் எவ்வளவு என்று தேடிப் பார்த்தேன். ஜப்பானியச் சித்திரக்காரர்களின் சங்கம் 2015-ல் வெளியிட்ட அறிக்கையில், நடு அசைவுகளை வரையும் ஆரம்பத் தொழிலாளிக்கு 2013-ம் வருஷத்தில் சராசரி வருமானம் வருஷத்துக்குச் சுமார் 11 லட்சம் யென் என்று கண்டிருக்கிறது. லட்சம் என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு லட்சம் யென்னுக்கும் குறைவு. டோக்கியோ நகரத்தில் அதை வைத்துக்கொண்டு வாடகை கொடுத்துச் சாப்பிட்டும் ஆக வேண்டும். இப்படி வாழ்கிற ஓர் இளைஞனோ பெண்ணோ ராத்திரி இரண்டு மணிக்குப் போட்ட கோடு கோணலாயிற்று என்றால், அந்தக் கோணலை நோட்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பையனிடம் தொகையைச் சொன்னேன். நோட்டை மூடவில்லை. ஆனால் ‘மூக்குக் கோணல்’ என்ற தலைப்பில் மேற்கொண்டு எதுவும் எழுதினதாகத் தெரியவில்லை.

அவன் அக்காள் இந்தச் சமயத்தில் குறுக்கிட்டாள். அவளுடைய கட்சி வேறு: ‘செயிலர் மூன்’. நவோகோ டகேயுச்சி என்ற பெண்மணி எழுதி வரைந்த கதை. 1992-லிருந்து 1997 வரை அதே டோயி கம்பெனியார் 200 பாகங்களாக எடுத்தார்கள். அதில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வீராங்கனைகளாக மாறுவார்கள். ரிப்பன் சுழலும், நகச்சாயம் மின்னும், பூட்ஸ் தானே காலில் ஏறும். “எங்க ஆளுக்கு ஒரு தடவைகூடத் தப்பினதில்லை!” என்று பெண் மார்தட்டினாள். வாஸ்தவம். ஏன் தப்பவில்லை? ஒரு தடவை நன்றாக எடுத்த காட்சியைப் பத்திரப்படுத்தி வைத்து, அடுத்தடுத்த வாரங்களிலும் அதையே ஒட்டிவிட்டார்கள்! சிக்கனத்தில் பிறந்த உபாயம்தான். ஆனால் குழந்தைகளுக்கு அது விளக்கேற்றுவது போல ஒரு நித்தியச் சடங்காகிவிட்டது. இந்த இடத்தில் கை தூக்குவாள், இந்த இடத்தில் திரும்புவாள் என்று மனப்பாடம். 2014-ல் புதிதாக எடுத்தபோது அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டர் பொம்மையாக்கினார்கள். ‘உயிரில்லை, மெழுகு பொம்மை’ என்று பழைய ரசிகைகள் முகம் சுளித்தார்கள். 2016-ல் வந்த மூன்றாம் பாகத்தில் மறுபடி கையால் வரைந்தார்கள். கம்ப்யூட்டர் பொம்மைக்குக் கோட்டுப் பிசகு வராது. அப்படியும் ஜனங்கள் கோணல் வரக்கூடிய கையைத்தான் திருப்பிக் கேட்டு வாங்கினார்கள்!

ஆகவே மூக்கும் மஞ்சளும் பெரிய குற்றமில்லை என்பது என் கட்சி. ஆனால் ரசிகர்கள் கூச்சலில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அதில் நான் முழுக்க முழுக்க அவர்கள் பக்கம்.

முன்பு சொன்னேனே, பொன் என்றால் துக்கத்தின் விலை என்று. சில வருஷங்களுக்குள் என்ன ஆயிற்று? கோக்குவின் இளைய மகன் கோட்டென். வயது ஏழு. அண்ணனோடு பயிற்சி செய்துகொண்டிருந்தவன், ‘இதோ பார்’ என்று சாதாரணமாகப் பொன்னாகி நிற்கிறான். எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், அம்மாவோடு பழகும்போது வந்ததாம்! அவன் சிநேகிதன் சிறுவன் டிரங்க்ஸுக்கும் அதுவே விளையாட்டு. நகைக் கடையில் பொன்னின் விலை ஏறிக்கொண்டே போகிறது. டோரியாமாவின் கடையில் மட்டும் இறங்கிவிட்டது. கோக்கு ஓர் உயிரைக் கொடுத்து வாங்கியதைக் குழந்தைகள் மிட்டாய் போல வாங்கித் தின்கிறார்கள். நிறத்தில் எள்ளளவும் பிசகில்லை. சித்திரம் அற்புதம். ஆனால் அடையாளம் பொய்யாகிவிட்டது.

(கோக்குவின் மனைவி சீச்சிக்கு மட்டும் இந்தப் பொன் ஆரம்ப முதலே பிடிக்கவில்லை. மூத்த மகன் கோஹான் பொன்முடியோடு வந்து நின்றதும், ‘ஐயோ, என் பிள்ளை போக்கிரியாகிவிட்டானே!’ என்று அலறுகிறாள். ஜப்பானில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்ட பையன் என்றால் அந்நாளில் அந்த அர்த்தம்தான். உலகத்தைக் காப்பாற்றும் சக்தியாவது, மண்ணாவது! இந்தக் கதையிலேயே யதார்த்தம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பது என் துணிபு.)

மின்னல் பொறி வழக்கும் இதைச் சேர்ந்தது. பொறி பறந்தால் இரண்டாம் படி, இல்லையேல் முதல் படி என்று படம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. பிற்பாடு ஒரு சித்திரத்தில் பொறி இருக்கிறது, மறு சித்திரத்தில் இல்லை. பார்க்கிறவன் எதை நம்புவான்? மூக்குக் கோணினால் கோக்கு கோக்குதான். பொறி விட்டுப்போனால் அவன் எந்தப் படியில் நிற்கிறான், தன் முழுப் பலத்தோடு மோதுகிறானா, எதிரியைச் சோதித்துப் பார்க்கிறானா என்பதே தெரியாமற் போகிறது. கதையே மாறிவிடுகிறது.

டிரங்க்ஸ் தலைமயிரைப் பற்றி அக்கா வீட்டில் நடந்த யுத்தத்தை எழுதினால் ஒரு தனித் தொடர்கதை ஆகும். எதிர்காலத்திலிருந்து காலயந்திரத்தில் வருகிற வாலிப டிரங்க்ஸுக்குத் தொண்ணூறுகளில் ஊதா நிற முடி. 2016-ல் அதே வாலிபன் மறுபடி வந்தான், முடி நீலம்! அவன் தாயார் புல்மாவுக்கு நீல முடி. ஆகையால் நீலந்தான் பொருத்தம் என்பது பெண்ணின் வாதம். “அப்போ பக்கத்துல நிக்கிறானே, சின்ன வயசு டிரங்க்ஸ், அவனுக்கு மட்டும் ஏன் இன்னும் ஊதா? ரெண்டு பேரும் ஒரே ஆள்தானே?” என்றான் பையன். இரண்டு பேரும் ஒரே படத்தில், ஒரே சட்டத்துக்குள், ஊதாவும் நீலமுமாக நிற்கிறார்கள். பெண்ணுக்குப் பதில் வரவில்லை. “பெரியவனானா மாறும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இந்த வழக்கில் தீர்ப்பு பையனுக்கே.

டோரியாமா 2024-ம் வருஷம் மார்ச்சு முதல் தேதி, தம்முடைய அறுபத்தெட்டாவது வயதில் காலமானார். அவர் கதையும் உருவங்களும் அமைத்துக் கொடுத்திருந்த ‘டைமா’ என்ற தொடர் அந்த அக்டோபரில் ஆரம்பித்து 2025 பிப்ரவரியில் முடிந்தது. முடிவில் கோக்கு நாலாம் படி ஏறினான். இதே பெயருள்ள நாலாம் படி 1997-லேயே வேறொரு தொடரில் வந்திருக்கிறது. நாகட்சுரு அமைத்த உருவம். உடம்பில் சிவப்பு ரோமம், தலைமயிர் கறுப்பு. புதியதில் தலைமயிரும் சிவப்பு. அது போகட்டும். டைமாவின் கதை நடப்பது அழிவுத் தெய்வமான பீரஸ் வருவதற்கு முன்னால். அப்படியானால் 2013-ம் வருஷத்துப் படத்தில் பீரஸிடம் கோக்கு உதைபட்டபோது, கையிலிருந்த நாலாம் படியை ஏன் எடுக்கவில்லை? பையன் இந்தக் கேள்வியை நோட்டில் எழுதி, கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருக்கிறான். பதில் சொல்ல வேண்டியவரோ இப்போது இல்லை.

இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பாரோ! மறதிக்குப் பேர் போனவர் அந்த மனுஷர். அவருடைய கதையில் மிக ஆரம்ப காலத்தில் லன்ச் என்று ஒரு பெண் வருவாள். நீல முடி, அடக்கமே உருவானவள், அடுப்பங்கரையே கதி. மூக்கில் தூசி ஏறித் தும்மினாளோ, முடி பொன்னாகிவிடும்! கையில் துப்பாக்கி வந்துவிடும்! எதிரே நிற்பவன் பாடு திண்டாட்டம். மறுபடி தும்மினால் பழைய சாது. கோக்குவுக்குப் பொன்முடி வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே, யார் சாவையும் எதிர்பாராமல், வெறும் தும்மலில் பொன்னானவள் அவள். தும்மினால் பொன், தும்மினால் நீலம். பையனுடைய நோட்டில் அவள்மேல் ஒரு குற்றச்சாட்டுக்கூடக் கிடையாது; தேடிப் பார்த்துவிட்டேன்.

அவள் கதையிலிருந்து எப்படிப் போனாள் என்று கேட்கிறீர்களா? சண்டையில் சாகவில்லை, கல்யாணமாகிப் போகவுமில்லை. மெள்ள மெள்ளக் காணாமற் போனாள். ஏன் என்று பின்னாளில் டோரியாமாவைக் கேட்டார்கள். அப்படி ஒருத்தி இருந்ததையே மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார்!